ஊமை ஆட்டம்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். நீயும் அப்பாவும் சுகம் என்று ஒரு வரி எழுதினால் நிம்மதி.

மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் என்ன சுண்டு என்று கேட்பாய். உன்னைத் தவிர வேறு யாருக்கும் நான் சுண்டு இல்லை, அதனால் விட மனமில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்றும் கேட்பாய். போனில் நீ என்ன பேசுகிறாய்? 'ம்', 'சரி', 'அப்பா பக்கத்துல இருக்காரு, அப்புறம் பேசறேன்.' அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன மாதம் துறைமுகத்தில் கிரேன் ஏணியில் பாதி உயரத்தில் நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக ஏறி இறங்கும் ஏணி. கை கம்பியை விடவில்லை, கால் மேலே போகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. நான் விளையாடுகிறேன் என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஃபோர்மேன் ஏறி வந்து, இடுப்பைப் பிடித்து, குழந்தையை இறக்குவது போல என்னை இறக்கினார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார்கள். முடியைக் கட்டையாக வெட்டிய, பேசுவதைவிடக் கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு அம்மா.

"சின்ன வயசுல வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா போயிட்டாங்க. ஆனா அக்கா இருந்தா, அப்பா இருந்தாரு" என்றேன்.

நம் ஊமை ஆட்டத்தைப் பற்றியும் சொன்னேன். சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வரும் நேரத்தில் துணி அலமாரிக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்துவாயே. மூச்சுக் காட்டாமல் இருந்தால் ஜெயம். ஜெயித்தால் அப்பா வாங்கி வந்த மிட்டாய். சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான் என்றேன். அந்த அம்மா ஏனோ எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

உனக்கு நினைவிருக்கிறதா? எழுது.

அன்புத் தம்பி,
சுண்டு


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. காது போன வருஷத்தைவிட மோசம். கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுவதும் கழற்றி வைப்பதுமாக இருக்கிறார். உங்கள் இருவர் நலத்துக்கும் எழுது.

உன் உடம்பைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. வெறும் வயிற்றில் ஏறினாயா? வேளாவேளைக்குச் சாப்பிட்டால் பாதி வியாதி கிட்ட வராது.

எனக்கு வேலை வழக்கம்போல. காலையில் போனதும் காது பரிசோதிக்கும் மெஷினைச் சரிபார்க்க வேண்டும். வலது பக்க ஹெட்போனை நான் கேட்பேன், இடது பக்கத்தைக் கூட வேலை பார்ப்பவள் கேட்பாள். பிறகு நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராக உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வதுதான். பயந்த சுபாவம் உள்ளவர்கள் சத்தமே இல்லாதபோதும் அழுத்துவார்கள். "கேட்டுச்சும்மா, நெஜமாவே கேட்டுச்சு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

ஊமை ஆட்டம் வெறும் ஆட்டம்தான். நீ ஓயாமல் வளவளவென்று பேசுவாய், அப்பா களைத்து வருவார். அவ்வளவுதான் சங்கதி. ஆலோசகர் அம்மாவிடம் கண்டதையும் சொல்லி அவர் நேரத்தை வீணாக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேவலை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், சாப்பாட்டில் குறையில்லை என்று தொப்பை சாட்சி சொல்கிறது.

இப்போதைக்கு எனக்குத் தரையில்தான் வேலை. கன்டெய்னர் பூட்டுகளில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்பது. ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்று பையன்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஏணியில் நின்றுபோன அன்று, ஏறுவதற்குச் சற்று முன்னால், ஃபோர்மேன் தன் சாவிக்கொத்தை இரும்பு மேஜை மேல் எறிந்தார். கோபமில்லை, எப்போதும் எறிகிறவர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்தது. நேற்றும் எறிந்தார். நேற்றும் வேர்த்தது. சாவி என்றால் எனக்கு என்ன? அப்பா ஸ்டோர் கீப்பராக இருந்தபோது பெரிய சாவிக்கொத்து ஒன்று வைத்திருந்தார் இல்லையா?

இன்னொரு சேதி. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நீ அத்தை ஆகப்போகிறாய். செப்டம்பர் என்கிறார்கள். அவள் உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள்.

சுண்டு


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு. இங்கே யாவரும் நலம்.

செய்தி படித்துக் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான். அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. கால் வீக்கம் வந்தால் உடனே காட்டு. அவளுக்கு என் ஆசீர்வாதம்.

சாவி யார் வீட்டில்தான் இல்லை? அதைப் போட்டுக் கிளறாதே. லீவில் இங்கே வருவதாக அவள் போனில் சொன்னாள். இந்த வருஷம் வேண்டாம். கர்ப்பிணிக்கு அலைச்சல் ஆகாது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொல்கிறாய். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. அதற்கு முன் வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவரைக் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில். அப்போதும் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அவர் வேண்டும், அக்கா. குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. நான் காய்ச்சலில் கிடந்தபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மர லாரி வைத்திருந்தாரே, கண் விழித்ததும் பார்த்தேனே. "அப்பா நீ தூங்கும்போது வச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு" என்று நீ சொன்னாய். ஒவ்வொரு நாளும் மிட்டாய். பரீட்சையில் பாஸானால், "அப்பாவுக்கு ரொம்பப் பெருமை, உன்கிட்ட சொல்லத்தான் கூச்சப்படறாரு" என்பாய். அப்படிப்பட்ட ஒரு மனிதரோடு உட்கார்ந்து நான் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அவரை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன். தெருவைப் பார்த்த அறை ஒன்று சும்மா கிடக்கிறது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். நீயும் எத்தனை காலம்தான் ஒற்றை ஆளாகச் சுமப்பாய்?

என்ன சொல்கிறாய்?

சுண்டு


மே 25

அக்கா,

நலமா? நாங்கள் நலம்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பது அப்பா. "என்னது? என்னது?" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். அந்தக் குரல் கேட்டாலே எனக்கு ஒரு பக்கம் ஆசையாகவும் இன்னொரு பக்கம் போனைக் கீழே போட்டுவிடலாம் போலவும் இருக்கிறது.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜூலையில் நானே வந்து அழைத்துப் போகிறேன். அந்த அறைக்குப் புதுக் கட்டில் சொல்லியாயிற்று.

சுண்டு


ஜூன் 8

என் அன்பான சுண்டுவுக்கு,

கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிடு.

நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. என் வாழ்க்கையில் நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரும் ஒரே இடம் இது.

அம்மா இருந்தவரை அப்பா வேறு ஆள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி கடைத்தெரு முழுக்க நடப்பார். அம்மா போன பிறகு அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் வாசலில் வேறு யாரோ வந்து நிற்பார். எப்படி வருவார் என்று சொல்ல முடியாது. சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினால் அன்றைக்குப் பிழைத்தோம். மேஜை மேல் எறிந்தால் வீட்டில் ஏதாவது உடையும். தட்டு உடையலாம், நாற்காலி உடையலாம்.

எப்போதும் அடிப்பார் என்று நினைத்துவிடாதே. அடித்தது குறைவு. அடிப்பாரா மாட்டாரா என்று காத்திருந்ததுதான் அதிகம். அடி ஆறிவிடுகிறது, சுண்டு. காத்திருந்தது ஆறவில்லை. இன்றைக்கும் மாடிப்படியில் யாராவது வேகமாக ஏறினால், அந்தக் கால்களுக்கு என்ன கோபம் என்று யோசிக்கிறேன்.

உன்னை அலமாரிக்குள் வைத்தது அதற்காகத்தான். பயந்தால் அழுவாய், அழுதால் அவருக்குக் கேட்கும். அதனால் ஆட்டம் என்று சொன்னேன். மிட்டாய் நான் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வைத்தது. மர லாரி எதிர்வீட்டில் தூக்கிப் போட்டது. சக்கரத்தை ஒட்டி, சிவப்பு மை தடவி, உன் தலையணைப் பக்கம் நான்தான் வைத்தேன். உன் பரீட்சை மார்க்கை அவர் கேட்டதே இல்லை.

எனக்கு நல்ல அப்பா சில வருஷங்கள் கிடைத்தார். உனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் ஒருவரை உண்டாக்கிக் கொடுத்தேன். நீ ஏங்குகிற அப்பா அவர்தான். அவரை எந்த ரயிலிலும் அழைத்துப் போக முடியாது.

ஒரு நாள் அலமாரிக்குள் நீ தும்மிவிட்டாய். அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "நான்தான் தும்மினேன்" என்று குறுக்கே போய் நின்றேன். அதற்கப்புறம் நடந்ததை எழுதப் போவதில்லை. அவர் வெளியே போனதும் கதவைத் திறந்தேன். "அக்கா, நான் தோத்துட்டேனா?" என்று கேட்டாய். "இல்லடா, நான்தான் தோத்தேன்" என்றேன். நீ கை தட்டிச் சிரித்தாய். உன் வாய் அசைந்தது தெரிந்தது.

இப்போது அவர் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார். கை நடுங்குகிறது, தேநீர்க் குவளையைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். உன் குழந்தைக்கு அவரால் ஆபத்தில்லை. நான் பயப்படுவது உன்னை நினைத்து. அவர் ஒவ்வொரு முறை சாவியை மேஜையில் வைக்கும்போதும், கையில் குழந்தையோடு நிற்கிற நீ என்ன ஆவாய்?

அப்படியானால் நீ மட்டும் ஏன் அவரோடு இருக்கிறாய் என்று கேட்பாய். அந்தச் சீட்டி என்றைக்காவது திரும்பக் கேட்காதா என்றுதான் இருந்தேனோ என்னவோ. இனி எங்கே? காது கேளாதவர் யாருக்காகச் சீட்டியடிப்பார்?

அக்கா


ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அவள் நலமா? உனக்குத் தூக்கம் வருகிறதா?

என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். எழுதியது தப்பென்றால் கிழித்துப் போட்டுவிடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சாப்பிட்டாயா என்பதற்கு மட்டும் பதில் எழுது. தபால்காரர் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். "டாக்டருக்குத்தாம்மா" என்கிறார்.

அக்கா


ஜூலை 24

என் அக்காவுக்கு,

சாப்பிட்டேன்.

இத்தனை நாள் எழுதாததற்கு உன்மேல் கோபம் காரணமில்லை. ஒரு வாரம் அப்பாமேல் கோபப்பட்டேன். அடுத்த வாரம், எங்கேயும் இல்லாத அந்த மனிதருக்காக அழுதேன். செத்துப்போனவருக்கு அழுதாலாவது பக்கத்தில் உட்கார நாலு பேர் வருவார்கள். இதற்கு யார் வருவார்? அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

உன் கடிதத்தை ஆலோசகர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எனக்கு எந்தப் பயமும் இல்லாத இடம் அந்த அலமாரி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். "மனசு ஆட்டம்னு நம்பிடுச்சு. உடம்பு நம்பல. அது அன்னிக்கே சாவியைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அது போய்விட்டது. போன வாரம் ஃபோர்மேனிடம் போய், "சார், சாவியைக் கொஞ்சம் மெதுவா வைங்க" என்றேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, மேஜை மேல் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டார். ஏணியில் ஏறுகிறேன். ஒவ்வொரு நாளும் இல்லை. முடிந்த நாளில்.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று. எங்கே நடந்தாலும் நீ என்னை உன் வலது பக்கம்தான் நடக்க விடுவாய். நான் இடது பக்கம் வந்தால் தோளைப் பிடித்து மாற்றுவாய். தெருவில் வண்டி வருகிறது என்பதற்காக என்று நினைத்திருந்தேன். மெஷினில் இடது பக்கத்தை உன் கூட இருப்பவள்தான் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். என் வாய் அசைந்தது தெரிந்தது என்கிறாய், நான் சிரித்த சத்தம் கேட்டது என்று எழுதவில்லை. உன் இடது காது போனது அன்றைக்கா, அக்கா?

கட்டிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உனக்கு. அவளுக்கும் அம்மா இல்லை. குழந்தை பிறக்கும்போது நீ வந்து இரு. அப்பாவுக்கு ஒரு ஆளைப் பார்த்து வை. கெஞ்சிக் கேட்கிறேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டாய். உன்னை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

சுண்டு


ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமே நாடுகிறேன்.

காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வேலைக்கு ஒரு காது போதும்.

அப்பாவிடம் உன் வீட்டுக்குப் போகட்டுமா என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு, "எத்தன நாளைக்கு?" என்றார். "தெரியல" என்று எழுதினேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய்ப் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நடுங்குகிற கையோடு பூட்டில் எண்ணெய் விட்டார்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆண் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். மாதக் கடைசியில் புறப்படுகிறேன். குழந்தையைத் தூக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் இப்போதே சொல்லி வை.

அக்கா


அக்டோபர் 5

மகனுக்கு அப்பா எழுதுவது.

எனக்குச் சுகம். நர்ஸ் நல்ல மனிதர். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். பெண் குழந்தை என்று அவர்தான் போனில் கேட்டுச் சொன்னார். சந்தோஷம்.

நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருக்கும்.

உன் அக்கா தன் அறைக் கதவைச் சாத்தித்தான் வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எனக்கே தெரியும். இப்போது அந்தக் கதவு திறந்து கிடக்கிறது. நான் உள்ளே போகவில்லை. உங்கள் அம்மா இருந்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு.

அவளை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். எனக்குக் கஷ்டம் என்று அவள் சொன்னால் நம்ப வேண்டாம்.

குழந்தை நன்றாக அழுகிறதா? எழுதவும்.

அப்பா


அக்டோபர் 27

அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனாள். குழந்தை துணிகளை உலர்த்திவிட்டு வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். "பதில் போட்டுடு" என்றாள். இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். கிடைத்துவிடும் போலிருக்கிறது.

உங்களை வாருங்கள் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வராதீர்கள் என்றும் எழுத முடியவில்லை. சிறுவயதில் உங்களைப் பற்றி நான் கேட்ட கதைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். உங்களைத்தான் தெரியாது. உங்களுக்குப் பிடித்த நிறம் எது, அம்மாவை எங்கே முதலில் பார்த்தீர்கள், எந்த வயதில் சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டீர்கள், எதுவும் தெரியாது. முடிந்தால் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.

குழந்தை நன்றாக அழுகிறாள். மூன்று வீடு தள்ளியும் கேட்கிறது. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்னங்க, பாப்பாவுக்கு ஏதாச்சும் முடியலயா?" என்று கேட்டார். அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணுமில்லங்க, அழறா. அழுதுட்டுப் போகட்டும்" என்றாள்.

பதில் எழுதுங்கள். நானும் எழுதுவேன்.

உங்கள் மகன்